தொட்டுப் பார்க்காத புழு

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவருடைய முழங்கையில் ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரலைவிடத் தடிமன். பச்சை உடம்பின் பக்கவாட்டில் சாய்வாக மஞ்சள் கோடுகள். வால் பக்கம் சுருண்டு நிற்கும் ஒரு சின்னக் கொம்பு, உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக. அது பாட்டுக்கு ஊர்ந்தது. அவர் பாட்டுக்கு ஒரு கையில் துடைப்பத்தோடு, "வாங்க சார், விவசாய ஆபீஸ்லேர்ந்துதானே? பெரிய டீச்சர் இப்ப வந்துடுவாங்க" என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெருக்குவது, கழுவுவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. ஆனால் பிள்ளைகள் வைத்த பெயர் மணியக்கா. மரக்கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்து வகுப்பைத் தொடங்குவதும் முடிப்பதும் அவர்தான் என்பதால் அந்தப் பெயர். பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் ஒரு நிமிடம் முன்பின்னாக அடித்ததில்லை என்று சொல்லுவார்கள். அவருடைய கணவர் லாரி ஓட்டினார். ஒருமுறை சரக்கேற்றிப் போனபோது லாரி மட்டும் திரும்பி வந்தது, வேறொருவர் ஓட்டிக்கொண்டு. "அந்த லாரிக்கு இருக்கிற ரோஷம்கூட அந்த ஆளுக்கு இல்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது அந்தப் பள்ளியின் விதி. வேலை போனால் அந்த இடமும் போகும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். உண்மையில், கடைசி விஷயம் அன்றைக்கே தெரியும். தலைமையாசிரியையான பெரிய டீச்சரே சொன்னார்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி எழுத வேண்டும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேளாண்மைப் படிப்பு, வகுப்பில் முதல் இடம், அரசு அலுவலகத்தில் வேலை. வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பட்டத்துக்குச் சட்டம் போட்டு, கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி அறையில் மாட்டியிருந்தேன். காட்டில் களை எடுத்த கை என் அம்மாவின் கை. அந்தக் கையால் அந்தச் சட்டத்தின் கண்ணாடியைத் துடைக்கும்போது, விரல் ரேகை படியக் கூடாது என்று முந்தானையால் துடைப்பார். அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்றைக்கும் உண்டு. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதுதான் இங்கே விஷயம்.

அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கை முழுக்கத் தடித்து வீங்கி, இரண்டு நாள் அரிப்பு தாங்காமல் அழுதிருக்கிறாள். பள்ளித் தோட்டத்தில் இருக்கும் கொம்புப் புழு கொட்டிவிட்டது என்று அவளுடைய அப்பா சண்டைக்கு வந்திருந்தார். பெரிய டீச்சர் எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார், புழு விஷமுள்ளதா என்று ஆய்ந்து அறிக்கை தரும்படி. எங்கள் அதிகாரி அந்தக் கடிதத்தை என் மேசையில் போட்டு, "பூச்சிப் பாடத்துல நீதானேய்யா முதல் மார்க்கு? போய் பாத்துட்டு வா" என்றார்.

தோட்டம் கழிப்பறைகளுக்குப் பின்னால் இருந்தது. இடிந்த சுவரின் செங்கல் குவியல் கிடந்த இடத்தை மணியக்காவே தோண்டிச் சுத்தம் செய்து நான்கு பாத்தி போட்டிருந்தார். கைகழுவும் தொட்டியிலிருந்து வழியும் நீர்தான் பாய்ச்சல். கத்தரி, தக்காளி, ஓரத்தில் கொஞ்சம் எள்.

நான் குனிந்து இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"மேல தேடாதீங்க சார், ஆப்புட மாட்டான். இலை நிறத்துலயே இருப்பான். கீழ பாருங்க."

செடியின் அடியில் மிளகு அளவுக்குக் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் செதுக்கினாற்போல வரிப்பள்ளம்.

"இது எங்க கெடக்குதோ, அதுக்கு நேர் மேல உக்காந்து தின்னுக்கிட்டு இருப்பான். காஞ்சிருந்தா நேத்துப் போட்டது. ஈரமா இருந்தா ஆள் வீட்டுலதான் இருக்கான்னு அர்த்தம்."

அவர் ஒரு கிளையை விலக்கினார். ஆள் வீட்டில்தான் இருந்தான்.

மூலையில் தனியாக ஒரு கத்தரிச் செடி, பாதி மொட்டையாக. அதன் முன்னால் உடைந்த சிலேட்டில் யாரோ சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: 'புழு வீடு. சத்தம் போடாதே.'

"ஒரு புழு ஒரு வாரத்துல ஒரு செடியக் காலி பண்ணிடும் சார். கொல்லவும் மனசு வரல. அதான் எல்லாரையும் புடிச்சு இந்த ஒத்தச் செடியில விட்டுடுவேன். இது அவங்களுக்கு, மத்தது நமக்கு. பிள்ளைங்க இடைவேளைல வந்து எண்ணிட்டுப் போவுங்க." முழங்கையை என் பக்கம் நீட்டினார். "தொட்டுப் பாருங்க சார். கொட்டாது. கொம்பு சும்மா வேஷம்."

அந்த நேரம் பார்த்து அந்தப் புழு தலையைத் தூக்கி, 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் எழுப்பியது. கடிகாரத்தை வாய்க்குள் வைத்திருப்பதுபோல. நான் இரண்டு எட்டுப் பின்னால் போனேன். என் ஷூ ஒரு தக்காளி நாற்றின்மேல் ஏறியது. அவர் அதைப் பார்த்தார். உட்கார்ந்து நாற்றை நிமிர்த்தி, மண்ணை அணைத்து வைத்தார்.

நான் ஏன் பின்னால் போனேன்? ஆறு வயதில் எள்ளுக்காட்டில் இதே புழுவைத் தொடப் போனேன். அம்மா என் கையில் ஓங்கி ஒரு அடி போட்டார். "தொட்டே, கொம்பால கொட்டிரும். கை அழுகிப்போயிடும்டா!" அடுப்பு சுடும், பாம்பு கடிக்கும் என்பதைப் போல அதுவும் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நான்கு வருடப் படிப்பில் அந்தப் புழு எந்தப் பயிரை எவ்வளவு தின்னும், எந்த மருந்தை எத்தனை மில்லி தெளிக்க வேண்டும் என்று படித்தேன். கொட்டுமா என்று யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் முன்பே தெரியுமே!

அதற்குள் பெரிய டீச்சரும் அந்தச் சிறுமியின் அப்பாவும் வந்துவிட்டார்கள். மணியக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார்.

"சார், அந்தப் பாப்பாவுக்குக் கை வீங்குனது இதனால இல்ல. சைக்கிள் விடுற எடத்துல ஒரு மரம் நிக்குது பாருங்க, அதுல கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தா இருக்கு. காத்தடிச்சா முடி பறந்து வருது. அந்தப் பாப்பா அங்கதான் உக்காந்து சாப்புடும். போன வாரமே பெரிய டீச்சர்கிட்ட சொன்னேன். ஒரு எட்டு வந்து பாத்துடுங்க சார்."

அந்த மரம் அங்கிருந்து முப்பதடி தூரம். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"சொன்னியா? எப்ப சொன்ன?" என்றார் பெரிய டீச்சர்.

"ஏங்க, பிள்ளை கை வீங்கிக் கெடக்கு, இந்தம்மா புழுவக் கொஞ்சிட்டு நிக்குது" என்றார் அப்பா.

அப்போதுதான் ஒன்பதாம் வகுப்புச் சீருடையில் ஒரு பெண் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். மணியக்காவின் மகள். அவள் தட்டை நீட்டியபடி நிற்கும்போதுதான் நான் சொன்னேன்.

"ஏம்மா, பூச்சியப் பத்தி நாலு வருஷம் படிச்சது நானா, நீயா?"

அந்த அப்பா சத்தமாகச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. அதை எழுத இப்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது மூத்தவரை, அவருடைய மகள் முன்னால், 'நீ' என்று சொன்னேன்.

"நீங்கதான் சார்" என்றார் மணியக்கா. முழங்கையிலிருந்த புழுவை மெதுவாக எடுத்து, புழு வீட்டுச் செடியில் விட்டார். அந்தப் பெண் தேநீர்த் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு தன் அம்மாவையே பார்த்தாள். நான் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

மாதிரிக்கு ஒரு புழு வேண்டும் என்று கேட்டேன். அவரே ஒன்றைப் பிடித்து, கழுவிய கண்ணாடிப் புட்டியில் மண்ணும் இலையும் போட்டு, மூடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை குத்திக் கொடுத்தார். "இல்லன்னா மூச்சு முட்டிடும் சார்."

அறிக்கையைப் பெரிய டீச்சரின் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். 'இப்புழுவின் பின்புறக் கொம்பு நச்சுத்தன்மை வாய்ந்தது. குழந்தைகள் தொடுவது ஆபத்து. தோட்டம் முழுமையாக அகற்றப்பட வேண்டும்.' பெரிய டீச்சர் வாசித்துவிட்டு, "கவனக்குறைவுன்னு ஒரு வரி சேத்துடுங்களேன். பெத்தவங்க கேப்பாங்க. நாங்க நடவடிக்கை எடுக்கணும்னா ஒரு ஆதாரம் வேணும்" என்றார். "அந்தம்மா பொண்ணு வேற இங்க இலவசமா படிக்குது, சும்மா நிறுத்த முடியாது பாருங்க" என்றும் சொன்னார். நான் சேர்த்தேன். 'பராமரிப்பவரின் கவனக்குறைவே காரணம்.' கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே என் பட்டத்தையும் எழுதினேன். முத்திரை குத்தினேன். மை காயும்வரை ஊதினேன்.

நான்காம் நாள் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் என் மேசைக்கு வந்தார். இருபது வருடமாகப் பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்குகிறவர். அலுவலகத்தில் அவருக்குப் பூச்சியார் என்று பெயர். புட்டியைப் பார்த்ததும், "அடடே, கொம்பு ராசா!" என்று மூடியைத் திறந்தார்.

"அண்ணே, தொடாதீங்க! கொட்டும்!"

அவர் புழுவை எடுத்து, அதன் கொம்பைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். "எது, இதுவா? ரப்பர் மாதிரி இருக்குது தம்பி. இதால வெண்ணெயக்கூடக் குத்த முடியாது. பயந்தா வாய்ல டிக் டிக்குனு சத்தம் போடும், அவ்வளவுதான் இதோட வீரம். உனக்கு யாரு சொன்னா கொட்டும்னு?"

வெளியே போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, எள்ளுக்காட்டுல கொம்புப் புழு கொட்டும்னு சொன்னியே, அது யாருக்காவது கொட்டியிருக்கா?"

"எதுடா? அதுவா?" அம்மா யோசித்தார். "அது எங்கடா கொட்டுச்சு! எள்ளு பூக்கிற நேரத்துல நீங்கள்லாம் உள்ள பூந்து ஓடிச் செடிய ஒடிப்பீங்க. பயங்காட்டலன்னா அடங்குவீங்களா? ஏன், இப்ப என்னத்துக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"நீதான் பூச்சிக்குப் படிச்சவன், எங்கிட்டப் போயி கேக்குற" என்று சிரித்தார்.

சுவரில் சாய்ந்து நின்றேன். என் அம்மா செடி ஒடியாமல் இருக்கச் சொன்ன பொய்யை நான் அரசாங்க முத்திரை குத்தி ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று மாதத்தின் பத்தொன்பதாம் தேதி. அறிக்கை கொடுத்த மறுநாளே தோட்டத்தை அழித்துவிட்டார்கள் என்றும், மாதக் கடைசியோடு மணியக்காவை நிறுத்துகிறார்கள் என்றும் பெரிய டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் அனுப்பியிருந்தார். அதிகாரி அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து, என் முதுகில் தட்டினார். ஆக, எனக்குப் பதினோரு நாள் இருந்தது.

முதல் நாளே அதிகாரியிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "போன வாரம் விஷம், இந்த வாரம் விஷம் இல்லன்னா, நாளைக்கு எவன்யா நம்ம ரிப்போர்ட்ட நம்புவான்? நீ இன்னும் நிரந்தரம்கூட ஆகல. வேலையப் பாரு."

அவர்மேல் பழி போட்டால் எனக்கு வசதிதான். ஆனால் அவர் என் கையைக் கட்டிப்போடவில்லை. திருத்தக் கடிதத்தை நான் அறையில் உட்கார்ந்து மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் 'மறு ஆய்வில் தெரியவருவது யாதெனில்' என்று தொடங்கினேன். நான் செய்தது தப்பு என்று சொல்லாமல் எத்தனை விதமாக எழுத முடியும் என்பதற்கு அந்த மூன்றும் நல்ல உதாரணம். மூன்றாவதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தினமும் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், தினமும் திரும்பக் கொண்டுவந்தேன். வேர்வையில் மடிப்பு நைந்துபோனது.

இருபத்தாறாம் தேதி பள்ளி வாசல்வரை போய்விட்டேன். வெளிக்கதவில் கை வைத்தபோது மணி அடித்தது. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். மணியக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையைத் தோளுக்குமேல் ஓங்கி, ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தார். இன்னும் நான்கு நாளில் போகப்போகிறவர் அடிப்பதுபோல இல்லை. உள்ளே போனால் அவரைக் கடந்துதான் போக வேண்டும். என் நெஞ்சு, 'டிக் டிக்' என்று அடித்தது. திரும்பி வந்துவிட்டேன்.

முதல் தேதி போனேன். காவல்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார், ஏழு நிமிடம் தாமதமாக. அடியும் ஒரு சீராக இல்லை.

பெரிய டீச்சர் கடிதத்தை வாசித்துவிட்டு மேசை டிராயரில் போட்டார். "நீங்க சொன்னதுனாலதானே சார் எடுத்தோம்? இப்ப வேற ஆள் போட்டாச்சு. பெத்தவங்க இப்பத்தான் அடங்கியிருக்காங்க. இதப் போயி திருப்பிக் கிளறணுமா?"

"அந்த மரத்துல கம்பளிப்பூச்சி…"

"ஆமாமா, மறுபடியும் ரெண்டு பிள்ளைங்களுக்கு வீங்கிடுச்சு. மரத்த வெட்டச் சொல்லியாச்சு." டிராயரைச் சாத்தினார்.

மணியக்காவின் வீட்டைக் காவல்காரர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். இரண்டு மாடி ஏறினால் ஒற்றை அறை. மடித்த பாய், பாடப் புத்தகங்கள் அடுக்கிய தகரப்பெட்டி, கயிற்றில் காயும் சீருடை. இனி அந்தச் சீருடைக்கு வேலை இல்லை. மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"வாங்க சார். உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் மணியக்கா.

நான் உட்காரவில்லை. "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. அது கொட்டாது. நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். வரும் வழியில் நிறைய தயார் செய்திருந்தேன். இவ்வளவுதான் வந்தது.

"அதான் எனக்குத் தெரியுமே. அது என் கையில எத்தன வருஷமா நடக்குது!" என்றார். பிறகு, "எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "பத்தொன்பதாம் தேதி."

அவர் விரல்விட்டு எண்ணவில்லை. மகள்தான் ஜன்னல் பக்கமிருந்து சொன்னாள்: "அப்போ பதினோரு நாள் இருந்துச்சு."

"சரி, வந்ததே வந்தீங்க. எனக்கு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க" என்றார் மணியக்கா. "பெரிய டீச்சருக்கு எழுதுன மாதிரி வேணாம். நான் அஞ்சாவதோட சரி. எனக்குப் புரியிற மாதிரி எழுதுங்க. நான் பிள்ளைங்க மேல கவனமாத்தான் இருந்தேன்னு எழுதுங்க. புது வேலைல யாராவது கேட்டா காட்டணும்ல?"

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். நான் தரையில் உட்கார்ந்து எழுதினேன். இவர் கவனமானவர், கொம்புப் புழு கொட்டாது, குழந்தைகளுக்கு வீங்கியதற்குக் காரணம் மரத்துக் கம்பளிப்பூச்சி, அதையும் இவர் முன்பே சொன்னார், நான் கேட்கவில்லை. மகள் வாங்கி உரக்க வாசித்தாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"இன்னொன்னு விட்டுப்போச்சு சார்" என்றார் மணியக்கா. "தொட்டுப் பாக்கலன்னு எழுதுங்க. நான் கைய நீட்டுனேன். நீங்க தொடல."

எழுதினேன். 'நான் அந்தப் புழுவைத் தொட்டுப் பார்க்காமலே அறிக்கை எழுதினேன்.' கையெழுத்துப் போட்டேன். பழக்கத்தில் பேனா பட்டத்தை எழுதப் போனது. நிறுத்தினேன்.

"அதையும் போடுங்க" என்றாள் அந்தப் பெண். "படிச்சவர் எழுதுனதுன்னு தெரியட்டும்."

போட்டேன். என் வாழ்க்கையில் அந்த எழுத்துகள் அவ்வளவு பாரமாக இருந்ததில்லை. கிளம்பும்போது மணியக்கா கேட்டார், "அந்தப் புட்டியில குடுத்தேனே, அவன் எப்படி இருக்கான்?"

"மண்ணுக்குள்ள போயிட்டுது அக்கா. கூட்டுப்புழுவா ஆயிடுச்சு."

"மூடியக் கழட்டி வைங்க. வெளிய வந்தா ரெக்கை விரிக்க எடம் வேணும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் இப்போது ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார், படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து எடுத்து மடிக்கும் வேலை. அங்கே மண் இல்லை. மகள் இரண்டு பேருந்து மாறிப் போகும் வேறொரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பழைய பள்ளியில் மின்சார மணி வைத்துவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த தாளை இதுவரை யாரும் கேட்கவில்லையாம். அது அந்தத் தகரப்பெட்டியில் இருக்கிறது.